யாரும் கத்தவில்லை

“அணைச்சிடு ரெனே. யார் கத்துறாங்கன்னு பாப்போம்” என்றார் டுவேன்.

காலையிலிருந்து அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் ஆமையாய் நகர்ந்துகொண்டிருந்தன. நெட்வொர்க் கோளாறு என்று மாடியில் இருப்பவர்கள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு எது நடந்தாலும் நெட்வொர்க்தான். சர்வர் கூடத்தைக் கவனிக்கும் டுவேனும் ரெனேயும் கேபிள்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். அவை பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. டிஸ்க்குகள்தான் நிரம்பி வழிந்தன. பெரிய சர்வர்களுக்குள் ஓடும் முந்நூறு மெய்நிகர் மெஷின்கள், அதாவது மென்பொருளாலேயே ஆன கம்ப்யூட்டர்கள், அந்த இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் இடம் பண்ணாவிட்டால் முந்நூறும் நின்றுவிடும்.

அதில் ஒன்று மட்டும் யாருடையது என்றே தெரியவில்லை. ஏகப்பட்ட இடத்தை அடைத்துக்கொண்டு சட்டமாக உட்கார்ந்திருந்தது. எல்லாத் துறைக்கும் மெயில் போட்டாயிற்று. ஒருவரும் உரிமை கொண்டாடவில்லை.

இப்படிப்பட்ட அநாதைகளுக்கு இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பார்கள். யாராவது போனில் கூப்பிட்டுக் கத்தினால் மறுபடி போட்டுவிடுவார்கள். கத்தாவிட்டால் அழித்துவிடுவார்கள்.

சரியாகப் பத்து மணிக்கு ரெனே அதை அணைத்தாள்.

“நீங்க கிளம்புங்க டுவேன். உங்க பொண்ணு ஹோலிக்கு எந்த நேரமும் பிரசவ வலி எடுக்கலாம்.”

“டாக்டர் அடுத்த வாரம்னுதான் சொல்லியிருக்கார். அழிக்கிறதுக்கு ரெண்டு பேர் இருக்கணும்னு நீதானே சட்டம் போட்டே? வலி எடுத்தா கூப்பிடுவா, இந்த மேசை போன் நம்பரைத்தான் குடுத்திருக்கேன். ஆஸ்பத்திரி ஒமாஹா டவுன்ல, வண்டியில பதினஞ்சு நிமிஷம்.”

இரும்புச் சுவர் போட்ட அந்தக் கூடத்துக்குள் செல்போன் சிக்னல் எட்டிப் பார்க்காது.

“ஹோலி பொறந்தப்பவும் இப்படித்தான் மெஷினுக்குக் காவல் இருந்தீங்களாமே?”

டுவேனின் முகம் சுருங்கிவிட்டது. “மூணு மணி நேரம் லேட்டு. அவங்கம்மா சாகற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுனா. இந்தத் தடவை தப்பக் கூடாது ரெனே. மருமகன் ராணுவத்துல எங்கயோ இருக்கான். கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்க அவளுக்கு என்னை விட்டா ஆள் இல்ல. சத்தியம் பண்ணியிருக்கேன்.”

ரெனே பாதி டோனட்டைப் பிட்டு அவர் பக்கம் தள்ளினாள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை டுவேன் போனைப் பார்த்தார். அது சத்தம் போடாமல் இருக்க இருக்க அவருக்கு நிம்மதியாக இருந்தது. மெஷினைத் தேடுபவரும் இல்லை, ஹோலிக்கு வலியும் இல்லை.

பதினொன்று அடிக்க ஒரு நிமிடம்.

“ஈ, காக்கா கத்தலை. அழிச்சிரலாமா?” ரெனே பொத்தான் மேல் விரலை வைத்தாள்.

டுவேன் வாயைத் திறப்பதற்குள் கதவு படாரென்று திறந்தது. கேட்டில் காவல் இருக்கும் லொரெய்ன் மூச்சிரைக்க நின்றாள்.

“டுவேன், நீயெல்லாம் ஒரு அப்பனா? உன் பொண்ணு பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில கேட்டுல வந்து நின்னு துடிச்சுக்கிட்டிருக்கா. நீ ஏறாம ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டாளாம். முக்கால் மணி நேரமா உன்னைக் கூப்பிட்டு ஓஞ்சு போயிட்டா!”

“ஐயையோ, அடிக்கவே இல்லையே!” டுவேன் கோட்டைக்கூட எடுக்காமல் ஓடினார்.

“எங்கிருந்து அடிக்கும்? பத்து மணியிலிருந்து இந்தக் கட்டிடத்துல ஒரு போன்கூட வேலை செய்யலை. மாடியில எல்லாரும் உங்களைக் கூப்பிட்டுத் திட்ட வழியில்லாம நிக்கறாங்க!”

டுவேன் கதவருகே அப்படியே நின்று திரும்பிப் பார்த்தார். ரெனே சுட்டுக்கொண்டவள்போல் விரலை எடுத்தாள்.

“நீங்க ஓடுங்க, நான் போட்டுர்றேன்!” என்று கத்தினாள்.

யாருடையதும் இல்லை என்று அவர்கள் அணைத்த மெஷின்தான் அந்தக் கட்டிடத்தில் எல்லோருடைய போனையும் ஓட்டிக்கொண்டிருந்தது.