பதினேழு பெண் சங்குகள்

“இந்த மூட்டையிலயும் பெண் இல்லை, கிருபாநிதி.”

டாக்டர் பத்மஸ்ரீ கையுறையைக் கழற்றினார். மேஜைமீது உடைத்த சங்குகள் இருபது. அத்தனையும் ஆண்.

தூத்துக்குடிக் கடலில் மூச்சடக்கி மூழ்கி, ஆய்வு நிலையத்துக்குச் சங்கு எடுத்துத் தருபவர் கிருபாநிதி. ஈரக் கைலியோடு கதவருகே நின்றிருந்தார்.

“தை பிறந்ததிலிருந்து இருநூறு சங்கு உடைச்சாச்சு. பதினேழுதான் பெண். இப்படி ஒரு கடல் இருக்க முடியுமா?”

“ஏன் அண்ணாச்சி, கடலுக்குள்ளயும் பொம்பளைங்களுக்கு இலவச பஸ் விட்டுட்டாங்களோ? எல்லாரும் ஏறிப் போயிட்டாகளா?” என்றார் ஆய்வக உதவியாளர் பாலகணேஷ்.

“ஏலே, நீ சங்க உடைக்கிற வேலையப் பாரு,” என்றார் கிருபாநிதி.

சங்கின் மேலோட்டைப் பார்த்து ஆணா பெண்ணா என்று உறுதி கூற முடியாது. உடைத்து உள்ளே பார்க்க வேண்டும். ஆனாலும் பெரிய சங்கு பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கும். பெரிய சங்குக்கு வெளியே வியாபாரிகளும் இருக்கிறார்கள். பாலகணேஷ் ஒரு வாரமாக டாக்டரின் காதில் போட்டுவந்த செய்தி இதுதான்.

பத்மஸ்ரீக்கு இரண்டு காரணங்களே தோன்றின. கப்பல்களின் அடியில் பூசும் நச்சுச் சாயம் பெண் சங்குகளைப் பாதித்திருக்க வேண்டும். இல்லையேல், அவை இந்த மேஜைக்கு வரும் வழியிலேயே கைமாறியிருக்க வேண்டும். முதலாவது உண்மையானால் அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இரண்டாவது உண்மையானால் ஆளை மாற்ற வேண்டும்.

“பெரிய சங்கெல்லாம் எங்கே போகுது?”

“எங்கயும் போகல மேடம். கடல்லதான் கெடக்கு.”

“கிடந்தா ஏன் எடுத்துட்டு வரல?”

கிருபாநிதி தரையைப் பார்த்தார்.

“வித்துட்டீங்களா?”

“நீங்க படிச்சவங்க. உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி வச்சுக்கோங்க.”

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்த வேலை போனால், வேறெந்தப் படகும் அவரை ஏற்றிக்கொள்ளாது. அது பத்மஸ்ரீக்கும் தெரியும். சான்று இல்லாமல் ஒருவரைத் தண்டிப்பது அவருக்கு வழக்கமில்லை. இழுப்பறையைத் திறந்து, உள்ளங்கை அளவுள்ள கேமரா ஒன்றை எடுத்தார்.

“நாளைக்கு இதை நெற்றியில கட்டிக்கிட்டு இறங்குங்க. உங்கமேல தப்பில்லைன்னா நான் மன்னிப்புக் கேட்கிறேன். இருந்தா, நாளையோட வேலை முடிஞ்சுது.”

கிருபாநிதியின் முகம் மாறியது.

“கண்டிப்பா கட்டணுமா மேடம்?”

“கண்டிப்பா.”

பாலகணேஷ் டாக்டரைப் பார்த்து, ‘நான் சொன்னேன் அல்லவா’ என்பதுபோல் தலையை ஆட்டினார்.

மறுநாள் நண்பகல் மூவரும் கணினியின் முன் அமர்ந்தார்கள்.

திரையில் மணல் தரை வந்தது. கிருபாநிதியின் கை ஒரு சங்கை எடுத்து வலைப்பைக்குள் போட்டது. அடுத்ததையும் போட்டது. பிறகு மணலில் பாதி புதைந்திருந்த பெரிய சங்கு ஒன்றை நோக்கி நீண்டது.

“இதோ, பெரிசு!” என்று பாலகணேஷ் நாற்காலியை முன்னே இழுத்தார்.

கை பாதியில் நின்றது. அந்தச் சங்கின் அருகே, ஆட்டுக் கொம்புபோல் முறுக்கிய முட்டைக்கூடு ஒன்று மணலிலிருந்து எழுந்து நின்றது. நீரோட்டத்தில் அதன் அடிமணல் அரித்திருந்தது. கை இரண்டு பிடி மணலை அள்ளி, அடியில் அணைத்துவிட்டு விலகியது.

அன்று அந்தக் கை பதினோரு முறை அவ்வாறு விலகியது.

சினைப்பை முதிர்ந்திருக்கும் என்றுதான் பத்மஸ்ரீ இந்த மாதங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார். முட்டையிடும் மாதங்கள் என்றுதான் கிருபாநிதி பெண் சங்குகளை விட்டுவிட்டு வந்திருந்தார். கடலில் எந்தக் குறையும் இல்லை. குறை மூட்டையில்தான்.

“மன்னிச்சுடுங்க, கிருபாநிதி,” என்றார் பத்மஸ்ரீ. “ஆனா இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா அதையும் எடுத்துட்டு வான்னு சொல்லுவீங்க.”

“ஆமாம், சொல்லத்தான் போறேன். நாளையிலிருந்து அதையும் எடுத்துட்டு வாங்க. இல்லேன்னா என் ஆய்வே தப்பாயிடும்.”

“அது முடியாது மேடம். நீங்க வேற ஆளப் பாத்துக்கோங்க.”

“அண்ணாச்சி, கெடச்ச வேலைய விட்டுறாதீங்க!” பாலகணேஷ் பதறினார்.

பத்மஸ்ரீயின் குரல் உயர்ந்தது. “நாம எடுக்கிறது வியாபாரத்துக்கு இல்லை. ஆராய்ச்சிக்கு.”

“அது சங்குக்குத் தெரியுமா மேடம்? அதோட, நான் சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“யார்கிட்ட?”

கிருபாநிதி டாக்டரின் தலைக்கு மேலே பார்த்தார். பத்மஸ்ரீ திரும்பினார்.

நாள்தோறும் அவர் முதுகு காட்டி அமர்ந்த சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் பெரிய புகைப்படம் ஒன்று இருந்தது. கடற்கரையில் சங்கு குளிப்பவர்கள் நாற்பது பேர் வலக் கையை உயர்த்தி நிற்கிறார்கள், மூன்றாவதாகக் கிருபாநிதி. பின்னால் கட்டிய துணியில், ‘முட்டையிடும் தாய்ச் சங்கைத் தொடமாட்டோம்’ என்ற வாசகம்.

ஒலிபெருக்கியின் முன் நின்று உறுதிமொழி செய்துவைத்துக்கொண்டிருப்பவர், டாக்டர் பத்மஸ்ரீ.

அவர் கேமராவை எடுத்துக் கிருபாநிதியிடம் திருப்பிக் கொடுத்தார்.

“நாளைக்கும் இதைக் கட்டிக்குங்க. தாய்ச் சங்கை எடுக்க வேண்டாம், படத்துலயே எண்ணிக்கிறேன்.”