டாக்டரம்மா சொன்ன மருந்து

துல்மா கூடாரத்தின் தரையில் மண்டியிட்டு, கணவனின் வலது காலை மடியில் ஏந்தி, குதிகாலில் ஆட்டு வால் கொழுப்பை இதமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பொட்டு அளவுக்கு இருந்த கரும்புள்ளி இப்போது பாதிக் குதிகாலைப் பிடித்துக்கொண்டு நீர் கசிந்தது.

"மெதுவாடி," என்று ஜம்பல் அதே காலால் அவள் தோளில் ஓர் உதை விட்டான். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காலுக்கு அவள் விலா எலும்புகள் எல்லாம் அத்துப்படி. அவள் காலை மறுபடியும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பெண்டாட்டி ஒருவழியாகத் திருந்திவிட்டாள் என்று ஜம்பலுக்குப் பெருமை. போன வசந்தத்தில் குதிகாலைச் செல்போனில் படம் பிடித்து, நகரத்துத் தோல் டாக்டரம்மாவுக்கு அனுப்பியதே அவள்தான். சிக்னல் கிடைப்பது வடக்குக் குன்றின் உச்சியில் மட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவளே குதிரையேறிப் போய்ப் பேசிவிட்டு வருவாள். கொழுப்பைத் தடவினால் போதும், நகரத்துக்கு அலைய வேண்டாம் என்பதுதான் எப்போதும் பதில்.

அந்தச் செங்குத்து ஏற்றம் ஏறி இறங்கியும், குதிரை ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் திரும்பும். குதிரையை நோகாமல் ஓட்டத் தெரிந்தவள் என்று அதற்கும் அவளை மெச்சிக்கொண்டான்.

பக்கத்துக் கூடாரத்து பத்ராக், ஒரு தடவை நேரில் போய்க் காட்டிவிட்டு வரச் சொல்லிப் பார்த்தான். ஜம்பல் சிரித்தான். படத்தைப் பார்த்தே வைத்தியம் சொல்கிற காலத்தில் எவன் முந்நூறு கிலோமீட்டர் நொண்டிக்கொண்டு போவான் என்று கேட்டான்.

குளிர்காலத்தில் தொடை இடுக்கிலும் ஒரு கட்டி கிளம்பியது. விஷம் வெளியேறுவதற்காக ஓரிடத்தில் திரள்கிறதாம், நல்ல அறிகுறி என்று டாக்டரம்மா சொன்னதாகத் துல்மா வந்து சொன்னாள். கேட்ட பிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது.

வெள்ளை மாதப் பண்டிகையும் வந்தது. உயிரைக் காப்பாற்றிய டாக்டரம்மாவுக்கு வாழ்த்துச் சொல்லாமல் புத்தாண்டைத் தொடங்க முடியுமா? குன்றேறித் தானே பேசப்போவதாக ஜம்பல் கிளம்பினான்.

"குளிரு தாங்காதுங்க. நானே போய்ச் சொல்லிட்டு வரேனே."

"ஏன், எனக்கு வாய் இல்லையா? போனைக் கொடுடி."

கொடுத்துவிட்டாள். சேணத்தில் ஏற முடியாமல் அவன் தடுமாறியபோது, அந்த வலது காலைத் தூக்கிக் குதிரைக்கு மறுபக்கம் போட்டதும் அவள்தான். பிறகு பால் காய்ச்ச உள்ளே போய்விட்டாள்.

உச்சியில் சிக்னல் பளிச்சென்று இருந்தது. ஜம்பல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு டாக்டரம்மாவை அழைத்தான். ஊரையும் பேரையும் சொல்லி, குதிகாலில் கரும்புள்ளி வந்த ஆள்தான் பேசுவதாகச் சொன்னான்.

மறுமுனையில் டாக்டரம்மா அவன் பேரை இன்னொரு தடவை கேட்டாள்.

"உடனே ஆபரேஷன் பண்ணணும், கூட்டிட்டு வாங்கன்னு போன வசந்தத்துலயே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. நீங்க இறந்துட்டதாத்தானே உங்க சம்சாரம் சொன்னாங்க?"