ஆல்பத்தின் முதல் பாட்டு

ஷிப்ட் சங்குச் சத்தம் கேட்டதும் கொளஞ்சியப்பன் மதியத் தூக்கத்திலிருந்து வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"அம்சவல்லி, செகண்ட் ஷிப்டுக்கு நேரமாச்சு. சோத்தைக் கட்டு!"

அவள் அரக்கப்பரக்க டிபன் பாக்ஸை நிரப்பிக் கொடுத்தாள். சைக்கிள் சுரங்கத்துப் பக்கம் பறந்தது.

உள்ளறையிலிருந்து மகன் இளவேனில் தன் ரெகே பேண்ட் பையன்களோடு குதித்துக்கொண்டு வந்தான்.

"எங்க முதல் ஆல்பம் ரிலீஸ் ஆயிடுச்சும்மா! முதல் பாட்டே நம்ம நெய்வேலி சங்குலதான் ஆரம்பிக்குது, கேட்டியா? அப்பா எங்க?"

"அடப்பாவி, அது உன் பாட்டாடா? அவரு ட்யூட்டிக்குப் போயிட்டாரே!"

"என்னம்மா சொல்ற? அப்பாதான் ரிட்டயர் ஆயிட்டாரே! அடுத்த மாசம் குவார்ட்டர்ஸையே காலி பண்ணப் போறோமே!"

அம்சவல்லி வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். கரண்டி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"நான்தானடா சோறு கட்டிக் குடுத்தனுப்புனேன்!"