இடித்த வண்டியே வேண்டும்

“அந்தத் தகரக் கூட்டையா திரும்ப வாங்கப் போறீங்க?”

இன்சூரன்ஸ் அலுவலகம் என்றும் பாராமல் வாத்தியார் மனைவி குரலை உயர்த்திவிட்டாள்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுத் தருபவர். ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொண்டு பதினோரு வருடமாக நடக்கிறது டிரைவிங் ஸ்கூல். வரவு செலவு முழுக்க மனைவி பொறுப்பு.

அந்த ஒரே வண்டியைத்தான் பத்து நாளைக்கு முன்னால் ஒரு தையற்காரம்மா, பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்து, கிடங்குச் சுவரில் கொண்டுபோய் முட்டிவிட்டாள். ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வண்டிக்குத்தான் முகமே இல்லை. அன்றைக்குப் போனவள் அதன் பிறகு ஸ்கூல் பக்கமே வரவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி பொறுமையாக மறுபடி சொன்னார்.

“சார், ரிப்பேர் செலவு வண்டியோட மதிப்பைவிட அதிகம். அதனால டோட்டல் லாஸ்னு எழுதியாச்சு. வண்டியை எங்ககிட்ட விட்டுட்டா ஒரு லட்சத்து நாற்பதாயிரம் தருவோம். வண்டி உங்களுக்கே வேணும்னா, அதுல முப்பதாயிரம் கழிச்சுக்குவோம்.”

“கழிச்சுக்குங்க,” என்றார் வாத்தியார்.

“ஏங்க, இருங்க! ரிப்பேருக்கு ஒரு லட்சத்து அறுபத்தஞ்சாயிரம் ஆகும்னு மெக்கானிக் எழுதியே குடுத்திருக்காரு. கையில வர்றது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். மீதி ஐம்பத்தஞ்சாயிரம் நம்ம சேமிப்புலருந்து போகும். அதையும் கம்பெனி தர்ற பணத்தையும் சேர்த்தா, இதைவிட நல்ல வண்டியே வாங்கலாம்.”

“பழகின வண்டி.”

“பழகின சீப்புன்னு மொட்டை அடிச்சப்புறமும் தலை வாருவீங்களா?”

அதிகாரி சிரிப்பை அடக்கக் கோப்புக்குள் குனிந்துகொண்டார். வாத்தியார் கையெழுத்துப் போட்டார்.

பட்டறையில் மெக்கானிக்கும் அவள் கட்சிதான்.

“சேசிஸ், அதான் அடிச்சட்டம், நேராத்தான் இருக்கு அக்கா. உயிருக்குப் பயம் இல்ல, பர்ஸுக்குத்தான் பயம். வாத்தியாரே, எதுக்கு இந்தப் பிடிவாதம்?”

“என் பக்கத்து ரெண்டாவது பிரேக் பெடல் இதுலதானே இருக்கு?”

“அதைக் கழட்டி வேற வண்டில மாட்ட எனக்கு அரை நாள் போதும்.”

“கதவுல ஸ்கூல் பேர் எழுதியிருக்கு.”

“பெயிண்டர் என் மச்சான். சும்மாவே எழுதிக் குடுப்பான்.”

வாத்தியாரிடம் காரணம் தீர்ந்துவிட்டது. “நீ வேலையைப் பாருப்பா,” என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

“கஞ்சன், கஞ்சன்னு ஊரே சொல்லுது. அந்தக் கஞ்சத்தனத்தையாவது உருப்படியா செய்யத் தெரியுதா பாரு!” என்றாள் மனைவி.

ஐந்து வாரம் வகுப்பு நடக்கவில்லை. சேர்ந்திருந்த ஒன்பது பேரில் நாலு பேர் வேறு ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள்.

“குழம்புல உப்பு கொஞ்சம் கம்மி,” என்றார் வாத்தியார் ஒருநாள்.

“ஐம்பத்தஞ்சாயிரத்துக்கு எத்தனை மூட்டை உப்பு வாங்கலாம்னு தெரியுமா?”

வாத்தியார் உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்தார்.

ஒருவழியாக வண்டி வந்தது. புது முகம், பழைய உடம்பு. “ஒருத்தரைப் பார்க்கணும், நீயும் வா,” என்று மனைவியைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு போனவர், நேராக அந்தத் தையற்காரம்மா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

மனைவிக்கு உள்ளூரத் திருப்தி. நஷ்டத்தில் பாதியாவது கேட்கப் போகிறார். இப்போதாவது புத்தி வந்ததே!

தையற்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்ததும் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“சார்... அதே வண்டியா?”

“நீங்க இடிச்ச அதே வண்டிதான். சுத்தி வந்து பாருங்க.”

சுற்றி வந்தாள். விளக்கைத் தொட்டாள். பானெட்டைத் தடவிப் பார்த்தாள்.

“இதைக் கொன்னே போட்டுட்டேன்னு நினைச்சேன் சார். அன்னையிலருந்து மெஷின் பெடல்ல கால் வச்சாலே நடுங்குது. ஒரு மாசமா தங்கச்சிதான் தைக்கிறா.”

“உங்க தங்கச்சி அப்பவே சொன்னாங்க. அதான் இதையே கொண்டு வந்தேன். வேற வண்டில வந்திருந்தா, பழசு செத்துப்போச்சுன்னு உங்களுக்கு உறுதியாகியிருக்கும். அப்புறம் ஏறவே மாட்டீங்க. அதோட, தப்பு உங்களுது மட்டும் இல்லம்மா. என் காலடியிலயும் ஒரு பிரேக் இருந்துச்சு. நான் ரசீது எழுதிக்கிட்டிருந்தேன், மிதிக்கல. ம், ஏறுங்க.”

பின் சீட்டில் இருந்தவள் வாயைத் திறந்தாள். ஒரு மாதத்தில் முதல் தடவையாக, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

தையற்காரம்மா நாடாவைக் கழற்றி, வாசலுக்கு வந்த தங்கையிடம் கொடுத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தாள். சாவியில் கை வைத்தவள் சட்டென்று பின்னால் திரும்பினாள்.

“அக்கா, கணக்கெல்லாம் நீங்கதான் பாக்குறீங்கன்னு சார் சொல்வாரு. மறைக்காம சொல்லுங்க, என்னால உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்? மாசா மாசம் குடுத்துடறேன்.”

வாத்தியார் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார்.

“நஷ்டமா?” என்றாள் அவள். “எல்லாத்தையும் இன்சூரன்ஸ்காரங்களே குடுத்துட்டாங்கம்மா. நம்ம கைய விட்டு அஞ்சு காசு போகல. நீ முதல்ல பெல்ட்டைப் போடு!”