அந்த மூன்றாவது ஊர்

கனிமொழி அழைப்பை எடுத்ததும் எதிர்முனையில் ஓர் ஆண் குரல் தழுதழுத்தது.

காலையில் மதுரவாயலில் சுரேகா என்ற பெண் ஏறிய வாடகைக் கார் எங்கே போய் நின்றது என்று கேட்டான். தன் பெயர் தினேஷ், அவள் புருஷன் என்றான்.

கனிமொழி அந்தப் பயணத்தைத் திரையில் திறந்தாள். அடியில் சிவப்பாக ஒரு வரி: இறங்கிய இடத்தை யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம், பயணியின் வேண்டுகோள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், வாடகைக் கார் கம்பெனியின் உதவி மையத்தில், இந்த நாற்காலியில் அவளுக்கு நான்காவது மாதம். சொல்ல வேண்டிய பதில் மனப்பாடம். சொன்னாள்.

அவன் சண்டைக்கு வரவில்லை.

"புள்ளைக்கு வீசிங் மேடம். கோவத்துல மருந்து பம்ப ஊட்லயே உட்டுட்டு போய்ட்டா. குடுத்துட்டு வந்துர்றேன், அவ்ளோதான்."



ஆவடியில் சுரேகாவின் அக்கா வீடு, அங்கேயா என்று கேட்டான். இல்லை சார் என்றாள். போகாத ஊரைப் போகவில்லை என்று சொல்வதில் என்ன தப்பு?

பூந்தமல்லியில் சித்தி வீடா? அங்கேயும் இல்லை சார், வீணாக அலையாதீர்கள்.

அப்படியானால் நூம்பலில், அவளோடு வேலை பார்த்த பெண்ணின் வீடா?

கனிமொழி திரையைப் பார்த்தாள்.

"அதெல்லாம் நான் சொல்லக் கூடாது சார்."

"சரி மேடம், நீங்க சொல்ல வேணாம்" என்றான். குரலில் அழுகை இல்லை.

'இடம் தெரிவிக்கப்படவில்லை' என்று குறிப்பு எழுதி முடித்தாள். அடுத்தடுத்து அழைப்புகள். சாப்பாட்டு இடைவேளை வந்தும் அந்தக் குழந்தை மனதை விட்டுப் போகவில்லை. மருந்தைப் பற்றியாவது சொல்லிவிடலாம் என்று சுரேகாவை அழைத்தாள்.

"எனக்குப் புள்ளையே இல்லியே மேடம்."

பிறகு சுரேகா மெல்லக் கேட்டாள். அவன் எந்தெந்த ஊரைக் கேட்டான்? ஒவ்வொன்றுக்கும் நீங்கள் என்ன சொன்னீர்கள்?

கனிமொழி சொன்னாள்: ஆவடி, இல்லை என்றேன். பூந்தமல்லி, இல்லை என்றேன்.

நூம்பல், சொல்லக் கூடாது என்றேன். சுரேகா யாரிடமோ கதவைச் சாத்தச் சொல்வது கேட்டது.

கனிமொழியின் திரையில் காலைப் பயணம் இன்னும் திறந்தே கிடந்தது. மதுரவாயல் – நூம்பல், பதினெட்டு நிமிடம்.

தினேஷ் போனை வைத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.