நான்காவது பேரிங்

மூன்றாவது பேரிங்கும் செத்துப்போனது. கிரீஸ் சரியில்லை என்று எழுதிவைத்துவிட்டு, மனிதர்கள் மோட்டாருக்குள், சுழலும் தண்டைத் தாங்க, நான்காவதைப் பொருத்தினார்கள்.

சுழலத் தொடங்கியதுமே அதற்கு உடம்பெங்கும் குத்தியது. பயந்துபோய், சுவரில் இருந்த டிரைவ் பெட்டியைக் கூப்பிட்டது. மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று சுவிட்சுகள் அதற்குள்தான் குடியிருந்தன.

"அண்ணே, சுருக்கு சுருக்குன்னு குத்துது."

"புதுசுல்ல, பழகிடும்" என்றது சிவப்பு.

"செத்துப்போனவன்கிட்டயும் இதைத்தான் சொன்னீங்களாமே?"

மஞ்சள் சிரித்தது. "தம்பி, நாங்க மாறி மாறி உழைக்கிறோம். நடுநடுவுல, கண் இமைக்கிற நேரம், மூணு பேரும் ஒரே பக்கம் சாஞ்சு இளைப்பாறுவோம். அது தப்பா?"

"அப்பத்தான் குத்துது! நீங்க ஒண்ணாச் சாயும்போது மிஞ்சற மின்சாரம் தரைக்கு வழி தேடி என் உருண்டைகள் வழியாப் பாயுது. ரெண்டு குழி விழுந்தாச்சு அண்ணே. நாலு மாசம்கூடத் தாங்க மாட்டேன்."

"போய் கிரீஸைக் கேளு" என்றது சிவப்பு.

நீலம் கீழே சுழலும் பேரிங்கை எட்டிப் பார்த்தது.

பேரிங் கத்திக்கொண்டே சுழன்றது. மூன்றாவது குழியும் விழுந்தது.

அடுத்த இளைப்பாறல் வந்தது. பேரிங் பல்லைக் கடித்துக்கொண்டது. குத்து வந்தது, ஆனால் பழைய குத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குழி விழவில்லை.

"டேய், எங்கே நிக்கிறே? இந்தப் பக்கம் வாடா!" என்று மேலே சிவப்பு அதட்டியது.

வரவில்லை. எதிர்ப்பக்கத்தில் தனியாகவே நின்றது நீலம்.