நாலு பத்து வண்டி

"ஸ்டேஷன்லேருந்து பத்து நிமிஷம்னு சொன்னீங்க. பதினாலு ஆச்சு!" என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான் கணவன்.

"குழந்தையைக் கூட்டிட்டு நடந்தா பதினாலு சார். நீங்க தனியா வேலைக்குப் போறப்போ எட்டே நிமிஷம்" என்றார் வீட்டுத் தரகர், பூட்டைத் திறந்தபடி.

நான்கு வயது மகளுக்கு அதுவரை பொறுமை இல்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடியவள், அங்கே மரத்தில் கட்டியிருந்த கயிற்று ஊஞ்சலில் ஏறிவிட்டாள். ஊஞ்சல் எங்கே இருந்தாலும் குழந்தைகளுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

அவனுக்கு நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்த வேண்டும். குடியிருப்பது மூன்றாவது மாடியில். கீழே இரும்பு ஷட்டர் செய்யும் பட்டறை. அந்தச் சத்தத்தில் மகள் பகலில் பத்து நிமிடம்கூடக் கண் மூடியதில்லை. இரவிலும் ஒரு ஸ்பூன் விழுந்தால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவாள். வயதுக்கேற்ற எடை இல்லை. "மருந்தெல்லாம் அப்புறம், முதல்ல பிள்ளையைத் தூங்க வைங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்தக் கவலையில் இருந்தவன் கண்ணில்தான் வாடகை விளம்பரம் பட்டது. சாப்பாட்டு மேசையில் பேப்பர் சரியாக அந்தப் பக்கத்தில் மடிந்து கிடந்தது. ரயிலில் ஒரு மணி பத்து நிமிடத் தூரத்தில் ஒரு கிராமம், தனி வீடு.

"போய்ப் பார்க்கலாமா?" என்றான்.

"அவ்வளவு தூரமா?" என்று முகத்தைச் சுளித்தாள் மனைவி.

போய்ப் பார்ப்பது என்று அப்போதே முடிவாகிவிட்டது. அவள் மின்விசிறியைப் போடச் சொன்னால் அவனுக்குக் குளிரும், நிறுத்தச் சொன்னால் வியர்க்கும். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான்.

இப்போது வீட்டுக்குள் வந்தும் அவள் விடவில்லை.

"சமையலறை சின்னது."

"நமக்கும் ஒரு வாண்டுக்கும் சமைக்க மண்டபமா வேணும்?"

"கடை தூரம்."

"நடந்தா உடம்புக்கு நல்லது."

"நாள் முழுக்க நான் யார்கிட்ட பேசறது?"

"நீ பேச்சைக் குறைச்சா எனக்கும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான்.

ஆனாலும் உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. தினமும் போக ஒரு மணி பத்து, வர ஒரு மணி பத்து. ஒரு வண்டியை விட்டால் அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும்.

"யோசிச்சுச் சொல்றோம் சார். இப்ப நாலு பத்து வண்டியைப் பிடிக்கணும்" என்று நழுவப் பார்த்தான்.

"குறுக்கு வழியில கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்று தரகர் முன்னால் நடந்தார். பாதி வழியில் அவருடைய செருப்பு வார் அறுந்துபோனது.

"ஊக்கு ஏதாவது இருக்காம்மா?"

மனைவி கைப்பையைக் குடைந்தாள். எப்போதும் நாலைந்து ஊக்கு வைத்திருப்பவள், அன்று பார்த்து ஒன்றுகூட இல்லை என்று கையை விரித்தாள். தரகர் காலை இழுத்து இழுத்து நடந்தார். வழி தெரியாத ஊரில் அவரை விட்டுவிட்டு ஓடவும் முடியவில்லை. ஒருவழியாக ஸ்டேஷன் கண்ணில் பட்டபோது, நாலு பத்து வண்டி முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

"போச்சு! தினமும் என் கதி இதுதான்" என்று பிளாட்பாரப் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். "இந்த ஊரும் வேணாம், வீடும் வேணாம்."

"நான்தான் அப்பவே சொன்னேனே, கேட்டீங்களா?"

பதிலுக்கு வாயெடுத்தவன், மகளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அம்மா மடியில் தலைவைத்து அவள் தூங்கிப்போயிருந்தாள்.

தரகரும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். கால் மணி ஆயிற்று. அரை மணியும் ஆயிற்று. அப்போதுதான் தூரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி ஊதிக்கொண்டு வந்தது.

"ஐயோ, எழுந்துடப் போறா!" என்று பாய்ந்து மகளின் காதுகளைப் பொத்தினான். நாற்பது பெட்டிகள் பிளாட்பாரமே அதிர அதிரக் கடந்து போயின. மகள் அவன் கையைத் தள்ளிவிட்டு, வாயை லேசாகத் திறந்தபடி மறுபக்கம் புரண்டு படுத்தாள்.

அவன் குனிந்து மகளையே பார்த்தான். நான்கு வருடத்தில் அந்த முகத்தை இவ்வளவு நேரம் அமைதியாகப் பார்த்ததே இல்லை. ரயிலில் சும்மா உட்கார்ந்து வருவதற்கு நமக்கென்ன வலிக்கிறது, இவள் தூங்கட்டும் என்று நினைத்தான்.

"ஒரு நாள் தூங்கிட்டா ஆச்சா?" என்று முணுமுணுத்தாள் மனைவி.

"நீ சும்மா இரு. நாம இங்கதான் குடி வர்றோம். சார், வீட்டுக்காரருக்குப் போன் போடுங்க!"

"உங்க இஷ்டம். நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"முடிவு பண்ணது நான். உன்னை எதுக்குச் சொல்லப்போறேன்?" என்றான் பெருமையாக.

ஐந்து பத்து வண்டி வந்தது. மனைவி மகளைத் தட்டி எழுப்பி நிறுத்தினாள். வழியனுப்பத் தரகரும் காலை இழுத்துக்கொண்டு பெட்டி வாசல்வரை வந்தார். மகள் கண்ணைக் கசக்கியபடி அவர் காலையே பார்த்தாள்.

"மாமா, இன்னைக்கும் செருப்பு அறுந்துடுச்சா? அன்னைக்கு அம்மா ஊக்கு குடுத்தும் ரயில் போயிடுச்சு, நான் அந்த பெஞ்சுலயே தூங்கிட்டேன்ல?"